நாற்பத்தோராம் நாள் பரீட்சை

சுப்புலக்ஷ்மி கணவரின் சட்டைக் காலரை மூன்றாவது தடவையாக மோந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. அதுதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"சென்ட் கிண்ட் அடிச்சிருக்கேளா?"

"நேத்திக்கு நீதானே தோய்ச்சே!" என்று குளியலறைக்குள்ளிருந்து கத்தினார் பஞ்சாபகேசன்.

வேறொரு பொம்பளை சமாசாரமாக இருந்தால் ஒரே சண்டையில் தீர்த்துக் கட்டியிருப்பாள். இது முப்பது வருஷமாக நடுவில் நிற்கும் சக்களத்தி. பேர் சிகரெட்.

இத்தனை நாள் பொறுத்துப் போனவளுக்கு இப்போது விட முடியாது. பெங்களூரில் இருக்கும் மகள் விஷ்ணுப்ரியாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குக் கரமனையில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு வர வேண்டியவள், போன மாதம் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா ஊதற ஆத்துக்குப் பச்சக் கொழந்தையோட நான் வரமாட்டேன். மண்டல விரதம் மாதிரி நாப்பத்தொரு நாள் டைம். அதுக்கப்புறம் நிக்கோட்டின் டெஸ்ட். ரிப்போர்ட் சரியில்லேன்னா நேரே கோயம்புத்தூர், மாமியார் ஆத்துக்கு!"

சம்பந்தி மாமி பிரசவம் பார்ப்பதா? அப்புறம் தெருவில் தலைகாட்ட முடியுமா? சுப்புலக்ஷ்மி அன்றைக்கே புடவையைச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினாள். முக்குக் கடை ராஜையனிடம் போய், "இவருக்கு ஒரு பீடி குடுத்தேன்னு தெரிஞ்சா, கடை வாசல்ல வந்து ஒக்காந்துடுவேன்" என்றாள். ராஜையன் பயந்தே போனான்.

டாக்டர் சிகரெட்டை மறக்க ஒரு சூயிங்கம் எழுதிக் கொடுத்தார். இரண்டே நாளில், "விக்கல் வரது, எனக்கு வேண்டாம்" என்று பஞ்சாபகேசன் ஒதுக்கிவிட்டார். கொள்ளை விலை கொடுத்து வாங்கியதைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்? அவளே மென்று தீர்த்தாள். புதினா வாசனை, சாப்பிட்ட வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது. தீர்ந்ததும் இன்னும் இரண்டு அட்டை வாங்கி வந்தாள்.

மென்றுகொண்டே உபதேசமும் செய்தாள். "ஒரு சனியனை விட்டுத் தொலைக்க முடியலையா? மனசு வேணும்னா, மனசு!"

நேற்று ராத்திரி மகள் மறுபடி கூப்பிட்டாள். "அம்மா, அப்பா அந்தக் கம்மைக்கூடத் தொடப்படாது கேட்டியா. அதுவும் டெஸ்ட்ல காட்டிக் குடுத்துடும்."

"அவர் அதை எங்கே தொட்டார்! நீ கவலப்படாதே" என்றாள் சுப்புலக்ஷ்மி பெருமையாக.

இன்று நாற்பத்தோராம் நாள். தம்பானூர் லேபில் தம்பதியாகப் பார்த்துக்கொண்டால் சலுகை என்றார்கள். அவருக்கு நிக்கோட்டின், அவளுக்குச் சர்க்கரை. காலையிலேயே இரண்டு பேரின் சிறுநீர் பாட்டிலும் நிரம்பிக் குளியலறை ஜன்னலில் தயாராக இருந்தன. பேர் எழுதி ஒட்டுவது பஞ்சாபகேசனின் இலாகா. ஆபீசில் ஆயுசு முழுக்க ஃபைலுக்கு லேபிள் எழுதிய கை.

"ரெண்டு பேர் எழுத இத்தன நேரமா?" என்று கதவைத் தட்டினாள்.

"பின்னே? வடிவா எழுதண்டாமா!"

ஒருவழியாக வெளியே வந்து, பையோடு ஆட்டோ ஏறிப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் அப்படி ஒரு தெளிச்சம். "சுப்பு, சாயங்காலம் பால் பாயசம் வெச்சுடு. எல்லாம் ஒறப்பா பாஸ்!" என்றார்.

சுப்புலக்ஷ்மிக்கு மனசு குளிர்ந்து போயிற்று. பரணிலிருந்து தொட்டிலை இறக்கித் துடைத்து வைத்தாள். பழைய வேஷ்டிகளை மெத்தென்று கிழித்து மடித்தாள். பாயசத்துக்குப் பால் வற்றிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ரிப்போர்ட் என் போனுக்கு வந்தாச்சு" என்றாள் விஷ்ணுப்ரியா. குரலே சரியில்லை. "அப்பா, உங்க டெஸ்ட் பாசிட்டிவ். நிக்கோட்டின் எக்கச்சக்கமா இருக்கு."

"எந்து?" பஞ்சாபகேசன் துள்ளி எழுந்தார். "அதுல வர வழியே இல்லையே! பத்மநாபன் சத்யமா வராது!"

"கள்ளம் சொல்லாதேங்கோப்பா. நான் கோயம்புத்தூருக்கே டிக்கெட் போட்டுடறேன்."

சுப்புலக்ஷ்மிக்கு அழுகையும் ஆங்காரமும் சேர்ந்து பொங்கின. கையிலிருந்த கரண்டியை ஓங்கிவிட்டாள். "பாவி மனுஷா! பெத்த பொண்ணு ஆத்துக்கு வரதைவிட அந்தப் பொக பெரிசாப் போச்சா? தொட்டில இறக்கி வெச்சிருக்கேனே, அதுல யாரைப் போட்டு ஆட்டறது, உங்களையா? அதுலயும் சாமி பேர்ல பொய் சத்யம் வேற!"

பஞ்சாபகேசன் அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"என்ன முழி? ஊதினேளா இல்லையா? பொண்ணு கேக்கறா, ஒப்புத்துக்கோங்கோ!"

"முந்தாநாள் ஒண்ணே ஒண்ணு ஊதினேன், ஒப்புத்துக்கறேன்" என்றார் அவர் மெதுவாக. "அதுல பயந்துதான்..."

"பயந்து?"

"என் பேர் ஒட்டிக் குடுத்தது உன் பாட்டிலயாக்கும், சுப்பு!"