போர்த்திக்கொள்ளும் மாடு

மாட்டுக்கு டாக்டர் வந்தாயிற்று. மருமகளுக்கு ஒரு வாய் கஷாயத்துக்குக்கூட வழியில்லை.

ரஞ்சிதம் கதவோரம் நின்று பார்த்தாள். சித்திரை வெயிலில் செஞ்சி மலைப்பாறையே கொதிக்கிறது. அவளோ கம்பளி போர்த்தியிருந்தாள். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை பால் போதாமல் சிணுங்கியது.

ராணுவத்தில் இருக்கும் கணவன் அரிகிருஷ்ணனிடமிருந்து கடிதம் வந்து நாற்பது நாளாகிறது. வீட்டில் மாமியார் மீனம்பாள் மட்டும்தான். அவள் வாயைத் திறந்தாலே அதட்டல்.

“தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்துக்குது, டாக்டரய்யா. பாலும் வத்திப்போச்சு. இத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஓட்டி வுட்டுடலாமா?”

ரஞ்சிதத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில், “தின்னுட்டுப் படுத்துக்கினா ஆச்சா?” என்று அவளைக் கேட்டதும் இதே வாய்தான். அடுத்து தன்னையும் பிறந்த வீட்டுக்கு ஓட்டிவிடுவாளோ? குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

டாக்டர் மாட்டின் கண்ணிமையை விலக்கினார். உள்ளே வெளுத்திருந்தது.

“சோம்பேறித்தனம் இல்லம்மா. வயித்துல புழு, ரத்தத்தைக் குடிக்குது. தொண்டையில ஒரு சுரப்பி உண்டு. உடம்புங்கிற அடுப்புக்கு விறகு தள்றது அதுதான். இருக்கிற உயிராவது தங்கட்டும்னு அது விறகைக் குறைச்சிடுச்சு. பூச்சி மருந்து குடுங்க, எழுந்துக்கும்.”

மீனம்பாள் நகரவில்லை.

“குளிருங்களா? வெயில்லகூட?”

“குளிரலாம்.”

“மயிர் கொட்டுமா? சீப்புல கொத்துக் கொத்தா?”

“சீப்பா?”

“கம்பளிய இழுத்து இழுத்துப் போர்த்திக்குமா?”

டாக்டர் சிரித்துவிட்டார். “மாடு எங்கம்மா போர்த்திக்கும்?”

மீனம்பாள் சிரிக்கவில்லை. டாக்டர் திரும்பிக் கதவோரம் பார்த்தார். அவர் சிரிப்பும் நின்றது.

“மனுஷங்களுக்கு வர்றது வேற புழும்மா. கொல்லைப்பக்கம் ஈர மண்ணுல வெறுங்காலோட நடந்தா, பாதத்து வழியா ஏறும். அந்தப் பொண்ணை இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க.”

அவர் போனதும் மீனம்பாள் பரணுக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

கான்வென்டில் படித்த மருமகள் வீட்டுக்குள் வந்த அன்றே, “மாமியார் எதிர்ல செருப்பா?” என்று கழற்றச் சொல்லி அங்கே தூக்கி எறிந்த செருப்பு. இரண்டு வருஷத் தூசி.

“கொழந்தைய இப்படிக் குடு. திண்டிவனம் பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று அதட்டியபடியே, அந்தச் செருப்பைத் தன் முந்தானையால் துடைத்து மருமகளின் காலடியில் வைத்தாள்.