கியர்பொக்ஸ் ஆறட்டும்

"இடமில்லை எண்டால் இல்லைத்தான். எடு லொறியை!"

செபநாயகம் சம்மாட்டியார் முன்கதவை அடித்துச் சாத்தினார். அவருக்கும் றைவர் கிறகோரிக்கும் நடுவில் ஒரு வலைப்பொதி சொகுசாக உட்கார்ந்திருந்தது.

கிறகோரி வெளியே பார்த்தான். றோட்டோரத்தில் சம்மாட்டியாரின் தங்கச்சி றோஸ், எட்டு மாத வயிற்றோடு நின்றாள். பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி அவள் புருசன் நாகலிங்கம். புத்தூரிலிருந்து வந்து மயிலிட்டிச் சந்தையில் மரக்கறி விற்கிறவன். வேதம் பாராமல் சைவக்காரனைக் கட்டினாள் என்று அண்ணனும் தங்கச்சியும் நாலு வருசமாகக் கதையில்லை.

"பொதியைப் பின்னாலை போட்டால் றோஸ் அக்கா இருக்கலாம், சம்மாட்டியார்..."

றோஸ் குறுக்கிட்டாள். "நான் கேக்கேல்லைத் தம்பி. அவர் வாய் திறந்து கூப்பிடாமல் நான் ஏறவும் மாட்டன்."

"கேட்டியோ? எடு!"

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம். விடியத் தொடங்கிய ஷெல்லடி நிற்கவில்லை. ஊர் முழுக்க வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது. மீன்பிடிச் சங்கத்து லொறியில் பதினொரு குடும்பம். பின்னால் கொழுவிய றெயிலரில் சம்மாட்டியாரின் மூன்றரைத் தொன் மீன்பிடிப் போட்டு. போக வேண்டியது அளவெட்டிப் பள்ளிக்கூடத்துக்கு.

ஒரு மைல் போனதும் கிறகோரி பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். றோஸைக் கரியரில் இருத்தி நாகலிங்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது ஒரு புள்ளியாகத் தெரிந்தது. வழியில் வலி கண்டால்? சனமெல்லாம் முந்திப் போய்விட்டது; பக்கத்தில் ஒரு குஞ்சுகூட இல்லை.

லொறியை ஓரங்கட்டினான்.

"என்னடா?"

"கியர்பொக்ஸ் சூடாகிட்டுது, சம்மாட்டியார். இழுக்கிற பாரம் அப்பிடி. ஆறவிடாட்டி உள்ளுக்கை ஒயில் கருகி, பல்லெல்லாம் அரைபட்டுப் போகும்."

"உது என்ன நுவரெலியா மலையே? தட்டைத் தரையிலை கியர்பொக்ஸ் சூடாகுதாம்!"

கிறகோரி எட்டு வருசம் ஹற்றனில் தேயிலைத் தொழிற்சாலை லொறி ஓடியவன். மலையேற்றத்தில் றெயிலர் இழுத்து, வளைவுக்கு வளைவு நிறுத்தி, கியர்பொக்ஸை ஆறவிட்டு ஓடிப் பழகினவன். அந்தக் கதையைத்தான் இப்போது தட்டைத் தரையில் அவிழ்த்துவிட்டான்.

"தண்ணியை ஊத்தி ஆத்தன்!"

"ஐயோ, சூட்டோடை பச்சைத்தண்ணி பட்டால் வெடிச்சுப் போகும். தானா ஆறோணும்."

சைக்கிள் கிட்ட வரவரச் சம்மாட்டியாரின் சத்தம் கூடியது. "உவனை நம்பி ஏறினேனே! இவ்வளவு சனத்தையும் நடுறோட்டிலை வைச்சுச் சாக்கொல்லப் போறான்!"

அலை இரைச்சலைத் தாண்டிக் கத்திப் பழகிய குரல். றோஸ் காதில் விழாமல் இருந்திருக்காது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போனாள்.

'இந்த மனுசனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா?' என்று நினைத்தபடி கிறகோரி லொறியை எடுத்தான். அவர்களைத் தாண்டி அரை மைல் போய் மறுபடியும் நிறுத்தினான். மறுபடியும் அதே கியர்பொக்ஸ். அதே திட்டு. பின்னால் இருந்த சனமும் சேர்ந்து கத்தியது.

தெல்லிப்பழை தாண்டி நிறுத்தியபோது சைக்கிளைக் காணவில்லை.

ஐந்து நிமிசம். பத்து நிமிசம். ஹெலி ஒன்று தாழப் பறந்து போனது. பின்னால் சம்மாட்டியாரின் மனைவி யோசப்பீன் செபமாலை சொல்லத் தொடங்கினார்.

கிறகோரி பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கு மேல் என்ன சொல்லிச் சமாளிக்கலாம்?

"இன்னும் ஆறேல்லையோ?" சம்மாட்டியார் கேட்டார்.

"இல்லை..."

அவர் கதவுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் வளைவில் சைக்கிள் தெரிந்தது. செயின் கழன்றிருக்க வேண்டும். நாகலிங்கத்தின் கையெல்லாம் கறுப்பு. றோஸ் நேராகத்தான் இருந்தாள்.

"எடடா லொறியை, அறுவானே! விளையாடுறியோ?" சம்மாட்டியார் மீண்டும் தொடங்கினார். கிறகோரிக்கு அந்தத் திட்டுக்கூட அப்போது இனித்தது.

பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது ஷெல் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. சனம் இறங்கி மரநிழலில் அப்படியே சரிந்தது. ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் சைக்கிளும் கேற்றுக்குள் நுழைந்தது. யோசப்பீன் ஓடிப்போய் றோஸைக் கட்டிப்பிடித்து, வாங்குப் பலகையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்தார்.

கிறகோரி சம்மாட்டியாரிடம் போனான். சனத்தின் உயிரோடு விளையாடியது அவனுக்கே உறுத்தியது.

"சம்மாட்டியார், நான் பொய் சொன்னனான். கியர்பொக்ஸ் சூடாகேல்லை."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"முதல் தரம் நிப்பாட்டேக்கையே. இருபது வருசம் போட்டு என்ஜினோடை மாரடிக்கிறவனடா நான். வழிமுழுக்க என்ரை வெறுங்கால் உந்தக் கியர்பொக்ஸ் மூடியிலைதானே கிடந்தது? குளிர்ந்துபோய்க் கிடந்துது."

"அப்ப ஏன் சம்மாட்டியார் அந்தப் பேச்சுப் பேசினியள்?"

செபநாயகம் தேத்தண்ணி குடிக்கும் தங்கச்சியை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெல்லக் கதையடா. தனக்காகத்தான் நான் நிக்கிறன் எண்டு தெரிஞ்சால், வீம்புக்குச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போயிருப்பாள். என்ரை தங்கச்சியெல்லே!"