மூலை அறை பீர்

"இன்னைக்கே பாட்டில்ல அடைக்கணும்னு யாரு—"

"நகரு விதாத், கை வலிக்குது, வழிய விடு—"

"—யாரு சட்டம் போட்டா? நாளைக்கு அடைச்சா குடியா முழுகிடும்?"

"ஈஸ்டருக்கு உன் அண்ணன் வர்றாரு. இன்னைக்கு அடைச்சாத்தான் அதுக்குள்ள நுரை கூடும். போன தடவையே 'எங்கேப்பா உன் சோப்புத் தண்ணி'ன்னு கேட்டு மானத்தை வாங்கிட்டுப் போனாரு."

"அவரு மனுஷங்க காய்ச்சுற அரக் சாராயத்தைக் காய்ச்சுறாரு. கேட்கத்தான் செய்வாரு."

மூலை அறையின் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் விதாத். கூடை நிறையக் கழுவிய பாட்டில்களோடு எதிரே அவள் கணவர் தவ்பீக். கட்டடத்தில் ஒரு பால்கனி விடாமல் ஏறி இறங்கிப் பொறுக்கிய காலி பாட்டில்கள்.

பென்ஷன் காசு ஒன்றுக்கும் உதவாமல் போன பிறகு, கடையில் பீர் வாங்குவதை விட்டுவிட்டார். தானே காய்ச்சக் கற்றுக்கொண்டார். ஆலிவ் ஊறப்போடும் வாளி ஒன்று, முளைகட்டிய பார்லி, மருமகன் பெட்டியில் துணிக்கு நடுவே வந்து சேர்ந்த பீருக்கான கசப்புப் பூ. செலவு அவ்வளவுதான். சந்தோஷம் அதைவிட அதிகம்.

பீர் புளிக்கக் குளிர்ச்சி வேண்டும். பெய்ரூத் வெயில் எட்டிப் பார்க்காத ஒரே அறை இந்த மூலை அறை.

வாளியை இங்கே கொண்டுவந்து வைத்த அன்று விதாத் ஊரைக் கூட்டினாள். "அது ஜோர்ஜெத் படுத்திருந்த அறை. அங்க போய் சாராயம் காய்ச்சுவியா?"

ஜோர்ஜெத் அவளுடைய தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் இவர்களோடே இருந்தவள். குளிர்காலம் முழுக்க நோயோடு இங்கே கிடந்து, பாதாம் பூக்கும்முன் போய்விட்டாள்.

இப்போது அதே விதாத், அதே வாளியை வெளியே எடுக்கக் கூடாதென்று நிற்கிறாள்.

தங்கையைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. இரவெல்லாம் நடையில் செருப்புச் சத்தம் கேட்டபடி இருக்கும். வாளி வந்த பிறகுதான், அதன் பக்கத்துப் பழைய நாற்காலியில் சாய்ந்தபடியே கண்ணயர ஆரம்பித்தாள். "வாசனைக்கே கிறங்கிட்டியா ஹபீப்தி, கண்ணே?" என்று தவ்பீக் கேலி செய்வார். அவள் கோபித்துக்கொள்வாள். பிறகு மறுபடி அங்கேயே போய்த் தூங்குவாள்.

பீர்தான் அடங்க மறுத்தது. மூடியில் செருகிய வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே இனிப்பைத் தின்னும் ஈஸ்ட் விடுகிற காற்று அதைத் தட்டிக்கொண்டு வெளியேறும். ப்ளுக். எப்போதோ நின்றிருக்க வேண்டிய சத்தம். ஈஸ்ட்டைச் சந்தேகப்பட்டார், தண்ணீரைச் சந்தேகப்பட்டார், தன் கைராசியையும் சந்தேகப்பட்டார். பொறுத்தது போதும், இன்றைக்கு அடைத்தே தீருவது என்று முடிவெடுத்தார்.

"காலையில இனிப்பு பார்க்குற மிதவையைப் போட்டேன்," என்றார். "நேத்தைவிட உசரமா மிதக்குது. நாளாக நாளாக இனிப்பு குறையணும். இது கூடியிருக்கு. பீர் தானா இனிக்குமா?"

"என்னைக் கேட்டா? நானா காய்ச்சினேன்?"

"கொஞ்ச நாளா என் காபியில சர்க்கரையே காணோமே—"

"டாக்டர் உனக்குச் சர்க்கரை ஆகாதுன்னாரு."

"அவரு சொல்லி வருஷமாச்சு. இப்பத்தான் உனக்குக் காதுல விழுந்துச்சா?"

கரண்ட் போனது.

ஃப்ரிட்ஜ் ஒரு முனகலோடு அடங்கியது. லிஃப்ட் எங்கோ நடுவில் நின்றுபோக, அதற்குள்ளிருந்து ஒரு குரல் மந்திரிகளின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியது. பிறகு அதுவும் ஓய்ந்தது. ஜெனரேட்டர் வருவதற்குள் ஒரு மௌனம் விழுமே, அது வீட்டை நிறைத்தது.

விதாத்தின் கை கதவு நிலையை இறுகப் பிடித்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

இந்த முகத்தை அவருக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்கப் பார்த்த முகம். கரண்ட் போனால் ஜோர்ஜெத்தின் ஆக்சிஜன் மெஷின் நிற்கும். அதில் மாட்டிய தண்ணீர்ப் புட்டியில் குமிழிகள் நிற்கும். சத்தம் கேட்டு எழுகிறவர்கள் உண்டு; விதாத் சத்தம் நின்றால் எழுந்தாள். நல்ல தூக்கத்திலிருந்து துள்ளி ஓடி, யாரும் அசைவதற்குள் மாற்றுக்கு வைத்த சிலிண்டரைத் திறந்துவிடுவாள். குமிழி திரும்பிய பிறகுதான் அவளுக்கே மூச்சு வரும்.

அவள் முதுகுக்குப் பின்னால், திரை மங்கலாக்கிய வெளிச்சத்தில், வாளி சொன்னது: ப்ளுக்.

அறை முழுக்கக் கனிந்த ஆப்பிள் மணம். திரை மெல்ல உப்பித் தணிந்தது.

ப்ளுக்.

நிலையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

தவ்பீக் கண்ணைத் தாழ்த்தினார். வாளியின் அடியிலிருந்து அவர் காலைச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் ஓர் எறும்புச் சாரி போய்க்கொண்டிருந்தது. ஒவ்வோர் எறும்பின் வாயிலும் ஒரு வெள்ளைச் சர்க்கரைத் துகள்.

ஒரு பாட்டிலும் கிணுகிணுக்காமல் கூடையைக் கீழே வைத்தார்.

"பாட்டில் இன்னும் ஈரமா இருக்கு. இன்னைக்கு வேணாம்."

அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தலை மெல்லச் சாய்ந்தது.

சமையலறையில் சர்க்கரை டப்பா துடைத்து வைத்ததுபோல் இருந்தது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கோப்பை சர்க்கரை கடன் வாங்கிவந்தார். இனி இது பீராகாது. மைத்துனர் அடுத்த ஈஸ்டர் வரைக்கும் சிரிப்பார்.

சிரிக்கட்டும்.

மண்டியிட்டு, மூடியைச் சத்தமில்லாமல் தூக்கினார்.

"விதாத்... ஒரு தடவைக்கு எத்தனை ஸ்பூன் போடுவே?"