மேஸ்திரி வராத ஷெட்

இசிஜி மெஷினை மூன்று தடவை மாற்றிப் பார்த்தாயிற்று. அடிக்கோல் வைத்து இழுத்தது போலக் கோடு நேராகவே போனது. பார்சல் ஷெட்டில் மூட்டை தூக்கும் அந்தப் பெண்ணோ, வேலைக்குத் தகுதி என்று கையெழுத்து வாங்காமல் எழுந்திருப்பதாக இல்லை.

"இதயமே துடிக்கலையேம்மா! மூச்சுக்காத்தும் சாப்பாட்டுச் சத்தும் கைகாலுக்கு எப்படிப் போகுது?" என்றார் டாக்டர்.

"எங்க மேஸ்திரிகூடத்தான் நாலு மாசமா வரல. சரக்கு நின்னுடுச்சா? ஏத்துறவங்க ஏத்துறோம், இறக்குறவங்க இறக்குறோம். கையெழுத்தைப் போடுங்க சார்."

டாக்டர் விடவில்லை. அவள் விரலில் ஊசியால் குத்தினார். சிவப்பாக, சூடாக ஒரு துளி எட்டிப் பார்த்தது. அதைப் பிடிக்கக் கண்ணாடித் துண்டை நீட்டினார். துளி வந்த வழியே உள்ளே போய்விட்டது.

"வேலை நேரத்துல வெளியே நிக்காது சார்," என்று அவள் பேனாவை எடுத்து நீட்டினாள்.