எதிர் நாற்காலி

“அவ பக்கத்துல நான் உட்கார மாட்டேன் சார். வேற நாற்காலி குடுங்க.”

டெஸ்ஸா இதைச் சொன்னது உதவி இயக்குநரிடம். மேசையில் உட்கார்ந்திருந்த மேவிஸ் அதைக் கேட்கவில்லை; பார்த்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவள் காதுகளை முக்கால்வாசி கொண்டுபோய்விட்டது. அடுத்தவர் உதடுகள்தான் அவளுக்குக் காது.

“ஏன் டெஸ்ஸா, ஒட்டிக்கும்னு பயமா?” என்றான் அதே மேசையில் இருந்த பிராடி. மேசையே சிரித்தது. டெஸ்ஸா மேவிஸுக்கு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மக்காச்சோள வயல்களுக்கு நடுவே கிடக்கும் அந்த நெப்ராஸ்கா ஊருக்கு சினிமாக்காரர்கள் வருவது இதுதான் முதல் தடவை. கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்தையே வாடகைக்கு எடுத்து, மாணவர்களையே கூட்டத்துக்குப் பிடித்துப் போட்டிருந்தார்கள். கதை என்ன பெரிய கதை? யாரோடும் ஒட்டத் தெரியாத ஓர் அசட்டுப் பெண், தட்டோடு வழுக்கி விழுவாள், கதவில் முட்டிக்கொள்வாள். கடைசியில் பள்ளிக்கூடமே அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடும். அசடாக நடிக்க வந்தவளோ சிலை மாதிரி இருந்தாள். தடிக் கண்ணாடி மாட்டி, பல்லில் கம்பி ஒட்டிவிட்டால் அசடாகிவிடுவாளாம்.

நிஜமாகவே ஒதுக்கப்பட்டவள் பின்னால் மங்கலாகத் தெரிந்தால் போதும்.

மேவிஸ் நடிப்பாசையில் வரவில்லை. சாப்பாட்டுக்கூடத்தில் வருஷக்கணக்காக ஜன்னலோர மேசையில் தனியாகச் சாப்பிடுகிறவள். காது மந்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே அவளோடு பேச யாரும் மெனக்கெடுவதில்லை. படத்திலாவது நாலு பேரோடு உட்காரலாமே என்று வந்தாள். இப்போது அந்த ஆசையிலும் மண். இந்த ஷாட் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டியதுதான். நாளையிலிருந்து வரவே வேண்டாம்.

கதாநாயகியின் குரல் மட்டும்தான் பதிவாகும், மற்றவர்களிடமிருந்து மூச்சுச் சத்தம்கூட வரக் கூடாது, ஆனால் அரட்டை அடிப்பதுபோல வாய் மட்டும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்று உதவி இயக்குநர் சொல்லிவிட்டுக் கையை உயர்த்தினார்.

சாப்பாட்டுக்கூடமே ஊமையானது.

பிராடி கையை ஆட்டி ஆட்டி, “தர்பூசணி, தர்பூசணி” என்று சும்மா வாயசைத்தான். அவனுக்கு அடுத்தவள் இயக்குநரின் தலைமுடியை வைக்கோல்போர் என்றாள். மேவிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கும் எதுவும் கேட்காத அந்த இடத்தில் அவளுக்கு மட்டும் எல்லாம் விளங்கியது. ஆனால் சேர்ந்து சிரிக்கத்தான் ஆளில்லை.

கதாநாயகி வழுக்கி விழுந்தாள். எல்லாரும் சத்தமில்லாமல் விரல் நீட்டிச் சிரித்தார்கள். டெஸ்ஸா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் உதடுகள் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக அசைந்தன.

“மேவிஸ், நான் பேசறது தெரியுதா?”

மேவிஸ் தலையசைத்தாள்.

“ரொம்ப நாளா உன்கிட்ட பேசணும்னு இருந்தேன். இவங்க ஓட்டுவாங்கன்னு பயம். இப்ப யாருக்கும் கேக்காதுல்ல, அதான்.”

யாருக்கும் கேட்காத இடத்தில் மட்டும் வருகிற தைரியம். மேவிஸுக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியைக் காட்டி, அவளும் வாயை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

“அப்புறம் ஏன் இங்க உட்கார மாட்டேன்னு சொன்னே?”

டெஸ்ஸா அவளை விநோதமாகப் பார்த்தாள்.

“லூசு, பக்கத்துல உட்கார்ந்தா என் உதடு உனக்கு எப்படித் தெரியும்?”