பத்து ரூபாய் மாஸ்க்

"நாலு ரூபா மாஸ்க்கைப் பத்து ரூபாய்க்கு வாங்கியிருக்கீக. மிச்சம் ஆறு ரூபா யாருக்குப் போச்சு?"

ஊராட்சி அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே பாண்டீஸ்வரன் கேட்டான். வெளியூர்க்காரர்களைச் செட்டிநாட்டு வீடுகளுக்கு அழைத்துப்போகும் சுற்றுலா வேன் அவனுடையது. கொரோனா வந்ததிலிருந்து வண்டி வீட்டு முன்னால் நிற்கிறது.

தலைவர் நாகவல்லி நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க தம்பி."

"உட்கார வரல. ரெண்டாயிரம் மாஸ்க், இருபதாயிரம் ரூபா. காரைக்குடி மொத்தக் கடையில விசாரிச்சுட்டுத்தான் வாரேன். வீட்டு வரி வரல, மானியம் குறைஞ்சுபோச்சு, தெருவிளக்குப் போடக் காசில்லன்னு சொல்றீக. இதுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

"பொது நிதியில இருந்த கடைசிப் பணம் தம்பி."

"கிராம சபையையும் கூட்ட மாட்டேங்கிறீக."

"கொரோனா அடங்குற வரைக்கும் கூட்டக் கூடாதுன்னு உத்தரவு."

பாண்டீஸ்வரன் சட்டைப் பையிலிருந்து ஒரு மனுவை எடுத்து மேசையில் வைத்தான். "நாளைக்குக் கலெக்டர் ஆபீஸ்ல கொடுக்கப் போறேன். செக்குல கையெழுத்துப் போடுற அதிகாரம் போனாத்தான் உங்களுக்குப் பணத்தோட அருமை தெரியும்."

பக்கத்தில் இருந்த ஊராட்சிச் செயலர் மீனாட்சிசுந்தரத்துக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, வவுச்சரைக் காட்டிருவோமே."

"வேணாம்ணே."

"பாத்தீகளா? மறைக்கிறீக. இதையும் மனுவுல சேத்து எழுதுறேன்."

நாகவல்லி மனுவை எடுத்துப் படித்துவிட்டு மேசையில் வைத்தார். பிறகு, "கணக்குக் கேட்க அவருக்கு உரிமை இருக்கு. கொடுங்கண்ணே" என்றார்.

செயலர் கோப்பைப் பிரித்து நீட்டினார்.

எந்தக் கம்பெனி பெயரும் அதில் இல்லை. துணிக்கு ஆறாயிரம். தையல் கூலி பதினாலாயிரம். உள்ளூர்ப் பெண்கள் ஏழு பேர், ஆளுக்கு இரண்டாயிரம். எதிரே அவரவர் கையெழுத்து.

ஐந்தாவது வரியில் பாண்டீஸ்வரனின் கண் நின்றது.

துர்காதேவி, க/பெ. பாண்டீஸ்வரன்.

போன மாதம், "திருப்பூர்லருந்து எங்க அண்ணன் ரெண்டாயிரம் அனுப்புச்சு" என்று சொல்லித்தான் அவள் அரிசி, பருப்பு வாங்கினாள். கல்யாணமான புதிதில் அவள் தைக்கப் போகிறேன் என்றபோது, 'எம் பொண்டாட்டி கூலிக்குத் தைக்கக் கூடாது' என்று தடுத்தவன் அவன்.

"ஆறு ரூபா நம்ம ஊருக்குள்ளேயே இருக்கட்டும்னு நெனச்சேன்" என்றார் நாகவல்லி. "துர்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்க்கான்னு."

பாண்டீஸ்வரன் கோப்பை மூடினான்.

"மனுவைத் தாராளமாக் கொடுங்க தம்பி. கூட விலை கொடுத்தது நான். விசாரணை வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன். அந்தப் பிள்ளைகிட்ட மட்டும் ஒண்ணும் கேட்காதீக."

அவன் திரும்பி வெளியே போனான். மனு மேசையிலேயே கிடந்தது.

ராத்திரி சாப்பாடு போடும்போது துர்காதேவி மெதுவாகச் சொன்னாள். "அண்ணன் இந்த மாசமும் அனுப்புறேன்னு சொல்லியிருக்கு."

பாண்டீஸ்வரன் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"நாள் பூரா குனிஞ்சு தைச்சா முதுகு என்னத்துக்கு ஆகும்? உங்க அண்ணனை உடம்பைப் பாத்துக்கச் சொல்லு, துர்கா. நான் சொன்னேன்னு சொல்லு."