தார் படிந்த பலகை

"இதுல மண்ணெண்ணெய்தான் இருக்கு. யார் துடைச்சது?"

ஆய்வுக்கூடத்தில் மரி-க்ளேர் கேட்டதும் தேவதாஸ் தலைகுனிந்தார். வைத்திக்குப்பம் கரையில் ஒதுங்கிய அந்த உடைந்த படகுப் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான்.

"நான்தாம்மா. தாரு போவணும்னா கிருஷ்ணாயில்தானே..."

மரி-க்ளேருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாறைக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஊறிய எண்ணெய் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு. பலகையில் தாராக அப்பியிருந்த கப்பலின் கறுப்பெண்ணெய் அப்படியே வந்திருந்தால், படகை இடித்துவிட்டு நிற்காமல் போன கப்பலைக் கண்டுபிடித்திருப்பாள்.

"சாட்சின்னு இருந்தது இது ஒண்ணுதான். கப்பல்காரன் துடைக்கச் சொன்னானா?"

"ஐயோ, இல்லம்மா."

"அப்புறம் ஏன் தொட்டீங்க?"

"அப்ப மூணு படகு கரைக்கு வரலம்மா. இது யாரு படகுன்னு தெரியல. பேரு மேல பூரா தாரு."

தேவதாஸ் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதில் நீல எழுத்தில் 'இனியவன்' என்றிருந்தது.

"கடலுக்குப் போன எம்புள்ள இனியவன் பேரா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதாம்மா துடைச்சேன்."